அமெரிக்கன் கார் ஓடமாட்டன்

"கண் என்ன பிடரியிலயோ இருக்கு?"

கத்தியவன் விதுர்சன். சென்ட் லோரன்டில், மருந்துத் தொழிற்சாலைக்கு முன்னால் உள்ள சந்தி. நல்ல மழை. அவனுக்குப் பச்சை விளக்கு எரிந்தது, பாதி வீதியையும் கடந்துவிட்டான். அப்போதுதான் ஒரு நீள மூக்குக் கறுப்புக் கார், சிவப்பு விளக்கையும் மதிக்காமல் வலப்பக்கம் திரும்பி, அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. குடை ஒரு பக்கம் பறந்தது. சேற்றுத் தண்ணீர் தலையில் இருந்து கால்வரை அபிஷேகம் செய்தது.

பயத்தில் வாயில் வந்தது தமிழ்தான். அது காருக்குள் இருந்தவளுக்கு விளங்கியும்விட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

பெரிய கண்கள்... பயந்துபோன கண்கள். இமையில் ஒரு மழைத்துளி, விழுவோமா விடுவோமா என்று தயங்கிக்கொண்டு நின்றது. அடுத்துச் சொல்லவென்று அவன் வைத்திருந்த நாலு வசனமும் எங்கேயோ போய்விட்டன.

"ஐயோ, சொறி அண்ணை! ரொறொன்ரோவில சிவப்பிலயும் நிப்பாட்டிப்போட்டு வலப்பக்கம் திருப்பலாம்தானே..."

"இது மொன்றியல். இந்தத் தீவில எங்கயும் ஏலாது. ஒன்ராரியோ நம்பர் பிளேற்றைக் கண்டாலே நாங்கள் ஓடி ஒதுங்கிறனாங்கள். பேந்து... அண்ணை எண்டு சொல்லாதேங்கோ. எனக்கு இருபத்தேழு வயசுதான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தத் துளியும் விழுந்துவிட்டது.

பெயர் லக்சனா. மூன்று மாத வேலைக்காக அந்தத் தொழிற்சாலைக்கு வந்திருந்தாள். அறை எடுத்திருந்தது நோத்ர-டாம்-த-கிரேஸில், அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. நனைந்தவனைப் பஸ்ஸுக்கு விட அவளுக்கு மனம் வரவில்லை. ஏறச் சொன்னாள்.

ஏறியவன் வாய் சும்மா இருந்ததா?

"எட்டு சிலிண்டரோ? சத்தத்திலயே தெரியுது. அமெரிக்கன் கார் எண்டால் நேர் றோட்டுக்குச் செய்தது. வளைவைக் கண்டால் கப்பல். பெற்றோலைத் தண்ணி மாதிரிக் குடிக்கும். சீற் மட்டும் நல்லம், சோபா மாதிரி. அதில இருந்துகொண்டு ஒரு கையில கோப்பி, ஒரு கையில போன், முழங்காலால ஸ்டியரிங் பிடிக்கிறதைத்தான் அங்க டிரைவிங் எண்டு சொல்லினம்."

"இறங்கப் போறியளோ?"

"இல்லை... மழை பெய்யுது."

அவள் மறுபடி சிரித்தாள். பிறகு கேட்டாள். "இவ்வளவு கதைக்கிறியள், உங்கட கார் எங்க?"

விதுர்சன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். "மனசுக்குப் பிடிச்ச கார் இன்னும் வாய்க்கேல்லை. கண்டதையும் வாங்கிறேல்லை."

ஊருக்கெல்லாம் அவன் சொல்லிவைத்த பதில் அதுதான். அந்தச் சந்திக்குப் பக்கத்துக் கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை, நாவின் நுனியில் எல்லா என்ஜினும். யார் கார் வாங்குவதென்றாலும் 'கார் விதுர்சனிட்டக் கேளுங்கோ' என்பார்கள். அந்தக் கார் விதுர்சனுக்கு லைசன்ஸ் இல்லை என்பது அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். மூன்று முறை ஃபெயில். பரீட்சை எடுப்பவர் பக்கத்தில் ஏறிப் பேனையைத் திறந்தால் போதும், இவனுடைய வலது கால் தன்பாட்டில் நடுங்கத் தொடங்கிவிடும்.

அன்றிலிருந்து பின்னேரங்களில் ஒரே காரில் வந்தார்கள். அவள் ஓட்டுவாள், அவன் பிழை பிடிப்பான்.

"பிரேக்கை அப்பிடி மிதியாதேங்கோ."

"சரி வாத்தியார்."

"அந்த லொறிக்குப் பின்னால ஒட்டாதேங்கோ."

"வாத்தியார், நீங்களே ஒருக்கா ஓடிக் காட்டுங்கோவன்!"

இந்த இடம் வரும்போதெல்லாம் அவனுக்கு வேர்க்கும். இன்றைக்குக் கை நோவு, நாளைக்குத் தலையிடி... பொய்க்குப் பொய் முட்டுக்கொடுத்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதற்கிடையில் ஒன்று மட்டும் மாறியது. குழியும் பள்ளமுமான வீதியில் ஒருநாள் அவனே சொன்னான், "மொன்றியல் றோட்டுக்கு இந்த மெத்தைக் கார்தான் சரி." லக்சனா வெற்றிப் பார்வை ஒன்று பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் இன்னும் பத்துக் கொள்கையை விட்டுக்கொடுத்திருப்பான்.

கார் அவளுடைய அப்பா அருமைநாதனுடையது, முன்கண்ணாடியில் தொங்கும் சின்னச் சிலுவையும் அவர் மாட்டியதுதான். மகள் தனியாக வெளிக்கிட்டபோது தந்துவிட்டவர். "நம்பிக்கையான ஆளைத் தவிர ஒருத்தரிட்டையும் கார்த் திறப்பைக் குடாதே" என்று சொல்லித்தான் தந்தாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"விதுர்சன், கண் டொக்ரர் மருந்து விட்டிட்டார். எல்லாம் மங்கலாத் தெரியுது... வந்து என்னைக் காரில வீட்டை கொண்டுபோய் விடுறியளே?"

வாறன் என்றுவிட்டான். மெட்ரோவில் போகும்போது கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் ஓடவில்லை.

கண் வைத்தியசாலை வாசலில் நின்றாள். மருந்தில் விரிந்திருந்த கருவிழிகள்... அவனை முழுதாக விழுங்கிவிடும் போலிருந்தன. வெட்கத்தோடு திறப்பை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"அப்பாவைத் தவிர உங்களிட்டத்தான் குடுக்கிறன்."

அவள் கொடுப்பது கார்த் திறப்பு மட்டுமல்ல என்று அவனுக்கு விளங்கியது. இப்போதாவது உண்மையைச் சொல் என்று மனம் கெஞ்சியது. வாயோ பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

"அமெரிக்கன் கார் நான் ஓடமாட்டன்... அது என்ர கொள்கை."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். லக்சனாவின் முகம் வாடியது.

"கொள்கையோ? இரண்டு மாசம் இதிலதானே வந்தனீங்கள்!" மங்கலான கண்ணைக் கசக்கினாள். "விளங்குது. இந்தக் காரை நீங்கள் ஓடினதை ஆரும் கண்டு உங்கட அம்மாட்டச் சொன்னால் எண்டு பயம். நீங்கள் சைவம், இது சிலுவை தொங்கிற வேதக்காரப் பெட்டையின்ர கார். அதுதானே?"

அப்படி ஒன்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. சொல்ல வாயெடுத்தான். அவள் நின்று கேட்கவில்லை. திறப்பைப் பறித்துக்கொண்டு, வீதியில் வந்த டாக்சியைக் கைகாட்டி மறித்து ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை பஸ்தான். போனை எடுப்பான்... எழுதுவான்... அழிப்பான். உண்மையைச் சொன்னால் சிரிப்பாள். சொல்லாவிட்டால் தன்னை ஒரு சாதி சமயம் பார்க்கிறவன் என்றே நினைத்துக்கொண்டு போய்விடுவாள். எது கேவலம் என்று எண்ணி எண்ணி நித்திரை போயிற்று.

வெள்ளிப் பின்னேரம் அவளே எழுதியிருந்தாள். 'வேலை முடிஞ்சுது. நாளைக்கு விடிய ரொறொன்ரோ போறன். சுகமா இருங்கோ.'

அவ்வளவுதான், உடைந்துபோனான். அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உனக்கு லைசன்ஸ் இல்லை எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?"

இரவு முழுவதும் துணிவைத் தேடியவனுக்கு அது அகப்பட்டபோது சனிக்கிழமை வெயில் ஏற வேண்டிய நேரம். வெயிலுக்குப் பதிலாக மழை ஏறியிருந்தது. விடிய என்றவள் இந்நேரம் பாதிவழிக் கிங்ஸ்டனும் தாண்டியிருப்பாளே... ஆனாலும் அவள் இருந்த தெருவுக்கு ஓடினான்.

கார் நின்றது! பின் சீட் நிறையப் பெட்டிகள். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. லக்சனா கதவில் சாய்ந்து நின்று நனைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு... லைசன்ஸ் இல்லை."

"என்ன? கேக்கேல்லை."

"லைசன்ஸ் இல்லை! மூண்டு தரம் ஃபெயில்!"

மேல்மாடி பால்கனியில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். விதுர்சன் விடவில்லை. "கொள்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கால் நடுங்கும், அவ்வளவுதான். அம்மாட்ட உங்களைப் பற்றிச் சொல்லிப்போட்டன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிருப்பா, பேந்து சரியாயிடுவா. வேதமும் சைவமும் என்ர மனசில ஒருநாளும் வரேல்லை, லக்சனா."

அவள் அவனையே பார்த்தாள். கண்களில் கோபமா சிரிப்பா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"லைசன்ஸ் இல்லாமலோ என்ர பிரேக்கில பிழை பிடிச்சனீங்கள்?"

"...ஓம்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவியள் எண்டு பயம்."

"போனால் என்ன? அண்டைக்கு நான் உங்களுக்கு ஆர்?"

விதுர்சன் தலை குனிந்தான். முகத்தில் வழிந்தது மழை மட்டுமல்ல.

"அண்டைக்கே... உங்களைப் போக விட எனக்கு மனமில்லை."

லக்சனா கார்ப்பக்கம் திரும்பினாள். போகத்தான் போகிறாள் என்று அவன் நினைத்தான். அவள் ஏறவில்லை. திறந்த கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு என்ஜினை நிறுத்தினாள். திடீரென்று மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"நான் ஆறு மணிக்கு வெளிக்கிட்டிருக்க வேணும்," என்றாள், அவனைப் பாராமல். "இப்ப பதினொண்டு. நீங்கள் வருவியளோ எண்டு பாத்துப் பாத்து... இந்தப் பெட்டியளை நாலு தரம் இறக்கி ஏத்திப்போட்டன்."