கிடுகுப் பெட்டி

பெட்டியின் தலைமாட்டுப் பக்கம் தான் போட்ட முடிச்சு அவிழ்ந்து கிடந்ததை ஹெப்சிபா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஊறிய தேங்காய் நார்க் கயிறு, காயும்போது நழுவியிருக்கலாம். பின்வாசலில் குத்தவைத்து மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

அது அவளுடைய மாமியார் ஜெயபாய்க்கான சவப்பெட்டி. பலகை கூடாது, ஆணி கூடாது, வார்னிஷ் கூடாது, மண்ணோடு மண்ணாக மக்கிப்போகிற பெட்டிதான் வேண்டும் என்று படுக்கையில் கிடந்தபோதே ஜெயபாய் சொல்லியிருந்தாள். மூங்கிலைப் பிளந்து சட்டம் கூட்டி, தென்னோலையில் முடைந்த கிடுகால் சுற்றிலும் அடைத்து, கயிற்றால் கட்ட வேண்டும். “அத ஹெப்சிபாதான் கட்டணும். வேற யாரு கையும் படக் கூடாது.”

அதைக் கேட்டு மகன் ஜெபக்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா, அம்மா கடைசியில உன்னத்தான் நெனச்சிருக்காவ” என்றான்.

ஹெப்சிபா கழுவிய பாத்திரத்தை ஜெயபாய் அவள் கண்ணெதிரே மறுபடி கழுவுவாள். அவள் தைத்த ரவிக்கையை உட்கார்ந்து நிதானமாகப் பிரிப்பாள். கோபமே படமாட்டாள். பிரித்த நூலைச் சுருட்டி மருமகளின் மடியில் வைத்துவிட்டுப் போவாள். சோழபுரத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, தன் கைபட்ட எதுவும் இந்த வீட்டில் அப்படியே இருந்ததாக ஹெப்சிபாவுக்கு நினைவில்லை.

இப்போது ஜெயபாய் முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாள். ஜெபக்குமார், பஸ்ஸில் வரும் அக்காவை அழைத்துவர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தான். துணைக்குப் பக்கத்து வீட்டு அழகுத்தாய் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

ஹெப்சிபா கயிறு எடுக்க உள்ளே போய்த் திரும்பினாள். ஒரு பக்கம் முழுக்க அவிழ்ந்திருந்தது. அவிழ்த்த கயிறு அழகாகச் சுருட்டி, அவள் உட்கார்ந்திருந்த பலகைமேல் வைக்கப்பட்டிருந்தது.

வாசலுக்கு வந்தாள். “மதினி, நீங்களா அவுத்தீங்க?”

“நான் எதுக்குத்தா அதத் தொடப்போறேன்? சாவுப் பெட்டியில்ல.” அழகுத்தாய் எழுந்து சேலையை உதறினாள். “மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுச் செத்த நேரத்துல வாரேன்.”

“இருங்க மதினி. அவிய வந்துரட்டும்.”

“பயமா இருக்காக்கும்? ஒங்க அத்தைதான. ஒன்னைய என்ன செஞ்சிரப் போறாவ?”

அவள் போய்விட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து வந்த காற்றில் மிச்சக் கிடுகுகள் ஒன்றோடொன்று உரசின. ஊறின நாரின் புளித்த வாடையும் ஈரமண் வாடையும் சேர்ந்து வந்தன. அவற்றுக்கு நடுவே, ஜெயபாய் மூட்டுக்குத் தேய்க்கிற தைலத்தின் நெடி மெல்ல ஏறியது. குளிப்பாட்டித்தான் கிடத்தியிருந்தார்கள். தைலம் எங்கிருந்து வரும்? ஹெப்சிபா சமையலறைக்குள் நின்று, ஃப்ரீசர் ஓடும் சத்தத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தம் நின்றது.

கரண்ட் போயிருந்தது.

பின்வாசலில் கயிறு உரசும் ஒலி. சரக். சரக். பிறகு, பலங்கொண்டு இழுத்து முடிச்சிடுவது போல ஒரு முனகல். அவள் அசையவில்லை. ஜெபத்தின் முதல் சொல்கூட வாயில் வரவில்லை. ஒலி ஓய்ந்தது.

எட்டிப் பார்த்தாள்.

பெட்டி கட்டி முடிந்திருந்தது. அவள் முடிச்சு ஒன்றுகூட இல்லை. எல்லாம் இறுக்கமாக, பிசிறில்லாமல். ஆனால் அகலம்? குறுக்கு மூங்கில்கள் வேறு. அவள் பிளந்தவை அல்ல. நீளமானவை. தாராளமாக இரண்டு பேர் படுக்கலாம்.

ஓடினாள். பின்வாசலில் பெட்டி கிடந்தது. தெருவுக்குப் போக முன்னறைதான் வழி. பார்க்கக் கூடாது. கதவை மட்டும் பார். கதவை மட்டும்.

பார்த்துவிட்டாள்.

கண்ணாடி மூடியின் உள்பக்கம் படிந்திருந்த பனியில், உள்ளங்கையளவு இடம் துடைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாகத் தெரிந்தது. நடுவில் மல்லாக்கக் கிடத்தியிருந்த ஜெயபாய், பெட்டியின் அந்தப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். விரல்களில் நார்ப் பிசிறு. இந்தப் பக்கம் அவள் விட்டிருந்த இடத்தில், வெள்ளைத் துணி சுருக்கம் நீவி, நேராக விரிக்கப்பட்டிருந்தது.