ஆறட்டும், அப்புறம் அரைக்கலாம்

அமீனாவின் ஒரு சிரிப்புக்கு விலை, கால் கிலோ காப்பித்தூள். அரைக் கிலோ வாங்கினால் இரண்டு சிரிப்பு கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். மொத்த வியாபாரம் அந்தக் கடையில் கிடையாது.

ஏற்காடு ஏரிக்கரையில், பஸ் நிற்குமிடத்துக்கு எதிரே அவள் அத்தா ஷேக் தாவூதின் கடை. அங்கே தூள் தயாராக இருக்காது. வறுத்த கொட்டையைச் சூட்டோடு அரைத்தால் மணம் ஓடிவிடும் என்பார் தாவூத். "ஆறட்டுமுங்க. படகு ஏறிட்டு வாங்க, அரைச்சு வெக்கறேன்" என்பாள் மகள். காசை மட்டும் முதலிலேயே வாங்கிக்கொள்வாள். போனவர்கள் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பியவர்கள் மணத்தில் மயங்கி, மிளகும் ஏலக்காயும் சேர்த்து வாங்கிப் போவார்கள்.

1999 மார்ச்சில், கோடை மழை திடீரென்று கொட்டிய ஒரு பகலில் அவன் கடைக்குள் ஓடிவந்தான். கையில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. சட்டையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, பனியன் சொட்டச் சொட்ட நின்றான்.

"கால் கிலோ தூளுங்க. சீக்கிரம்."

"ஆறணுமுங்க. ஏரியைச் சுத்திட்டு வாங்க."

"இந்த மழையிலயா? கடை நடத்தறீங்களா, ஆளை வெரட்டறீங்களா?"

"மனுசன் நனையறாரு, டப்பா சட்டை போட்டிருக்குது. ஏனுங்க, அதுக்குக் காச்சல் வந்துருமுங்களா?"

முறைத்தான். அவன் இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டு, விழலாமா வேண்டாமா என்று பேரம் பேசியது. அமீனா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது...

அவன் சிரித்துவிட்டான். காசு வாங்காமலே.

பெயர் சிக்கந்தர். சேலத்துக்காரன். வெங்கடாசலத்தின் லாட்ஜுக்கு வெப்சைட் போட வந்தவன். கம்ப்யூட்டருக்குள் திறந்த கடை மாதிரி என்று அவளுக்கு விளக்கினான். எத்தனை தடவை அதைத் திறந்து பார்த்தார்கள் என்று பக்கத்தின் அடியில் ஒரு எண் ஓடுமாம். அந்த எண் ஓடவில்லை என்பதுதான் அவன் கவலை.

"எட்டிப் பாக்கறாங்க, போயிடறாங்க. மறுபடி வர்றதே இல்ல. மே மாசத்துக்குள்ள கூட்டம் சேரலைன்னா முதலாளி நிறுத்திடுவாராம். மாமா எனக்கு வாங்கின துபாய் விசாவோட உக்காந்திருக்கார்."

துபாய் என்ற ஊர் அமீனாவுக்குப் பிடிக்காமல் போயிற்று. ஏன் என்று அவள் விசாரிக்கவில்லை.

"உங்க கடையில என்னங்க வெச்சிருக்கீங்க?"

"லாட்ஜ், ஏரி, பூ... எல்லாப் படமும் போட்டாச்சு."

"எல்லாத்தையும் மொத நாளே காட்டிப்போட்டா, மறுக்கா எதுக்குங்க வருவாங்க? கொஞ்சம் ஆறப் போடுங்க."

ஆறப் போட்டான். காப்பிச் செடியின் அரும்பு, ஒரே ஒரு படம். 'பூத்ததைப் பார்க்க அடுத்த வெள்ளி வாருங்கள்.' அடுத்த வெள்ளி வெள்ளைவெளேரென்று பூ. 'இதில் தேன் குடிக்க வருவது யார்?' அடுத்து எதைப் படம் பிடிப்பது என்று கேட்க தினமும் கடைக்கு வந்தான். வந்ததற்குத் தினமும் கால் கிலோ வாங்கினான்.

எண் ஏறியது. வெங்கடாசலம் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம். தாவூத் ஜும்மா தொழப் போயிருந்தார், கடை சாத்தியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய சிக்கந்தர், பக்கத்திலிருந்த அமுதாவின் எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தான். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் அமீனா. அவனுடைய பக்கத்தையே திறந்து, மூடி, மறுபடி திறந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் ஒன்று ஏறியது.

"அப்போ... அந்தக் கூட்டமெல்லாம் நீங்க ஒருத்தர்தானா?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. வாய் மட்டும் வியாபாரி வாய்.

"கடை காலியாக் கிடந்தா சும்மா நாலு பேரை நிக்க வெப்பாங்க. அதைப் பாத்து அஞ்சாவது ஆளு வருவான். நல்லதுதானுங்களே..."

"பிச்சை போட்டிருக்கீங்க."

மழையிலேயே இறங்கிப் போனான். நேராக முதலாளியிடம் உள்ளதைச் சொன்னான். "நெசத்துல எத்தனை பேரு தம்பி?" என்றார் வெங்கடாசலம். அதையும் சொன்னான். வெப்சைட் அன்றோடு நின்றது.

அமீனாவுக்கு ரோஷம் பொங்கியது. தராசில் விரல் வைக்காத குடும்பம் அது. முதல் முறையாக வைத்தாள், அதுவும் எவனோ ஒருவனுக்காக. கிடைத்த பேர், பிச்சை! போகட்டும்... துபாய் என்ன, நிலவிலா இருக்கிறது? அந்த வாரம் யாருக்கும் சிரிப்பு விற்கவில்லை.

வாரக் கடைசியில் அவன் பையோடு வந்தான். எதிரே சேலம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"கால் கிலோ. மாமாவுக்கு." முகம் பார்க்காமல் காசை நீட்டினான்.

வாங்கிப் பெட்டியில் போட்டாள். அப்போதுதான் வறுத்த கொட்டை முறத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"பஸ் எடுக்கப் போறாங்க. அரைங்க."

"ஆறணுமுங்க."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலீங்க. இந்தத் தடவ நொம்ப நாளாவும்போல இருக்குதுங்க..."

அவன் நிமிர்ந்தான். அவள் கண்ணில், அன்று அவன் இமையில் பேரம் பேசிய அதே துளி.

"அது பிச்சை இல்லீங்க. நீங்க மலையெறங்கிப் போயிடக் கூடாதுன்னு... தராசுல வெரலை வெச்சுட்டேனுங்க. அத்தாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கடையை உட்டே தொரத்திப்போடுவாரு."

"தொரத்தலை," என்றது மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தத் தம்பி டப்பாவுல நம்ம தூளை விக்க முடியுமான்னு கேளு கண்ணு. கூலி பேரம் அப்பறம்."

பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதினார். சிக்கந்தர் பையைக் கீழே வைத்தான்.

"நானும் ஒண்ணு சொல்லிடறேங்க. ரூம்ல எட்டு கிலோ தூள் அப்படியே கிடக்கு. எனக்குக் காப்பி பிடிக்காது..."

"அப்பறம் இன்னைக்கு எதுக்குங்க கால் கிலோ?"

"தினமும் எதுக்கோ, அதுக்குத்தான்."

பஸ் போய்விட்டது. அமீனா சிரித்தாள்.

அன்றைய கணக்கு: கால் கிலோவுக்குக் காசு, வரவு. தூள் கொடுக்கவில்லை, பாக்கி. கொட்டை எப்போதோ ஆறிவிட்டது. அவள் அரைப்பதாகக் காணோம்.