சாவுகளை ஊருக்கு அழைத்தவள்

வாசலில் இரண்டு ஜோடி ஷூ கிடந்தது.

ஒன்று அலெக்ஸுடையது. சுரங்கத்துக்குப் போட்டுப் போகிற கனத்த சேஃப்டி ஷூ. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் கழற்றிப் போட்டது, மண் காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் கிடந்ததும் அதே மாதிரிதான், ஆனால் தோல் வெடித்து, நாடா மக்கிப்போன பழைய ஜோடி. அதிலிருந்த களிமண் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்த அவன் மனைவி ஆனி குனிந்து தொட்டுப் பார்த்தாள். விரலில் சில்லென்று ஒட்டியது.

வெளியே மத்தியான வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் என்ன பயம் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளா. ஷிப்ட் பார்க்கிறவர் வீட்டில் பகலுக்குள்ளேயே ஒரு ராத்திரியைச் செய்து வைத்திருப்பார்கள். ஜன்னலில் கறுப்புக் கம்பளியை ஆணி அடித்துத் தொங்கவிட்டு, டிவியை அணைத்து, கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டு, ஆள் தூங்குகிறார் என்றால் பக்கத்து வீடுகூடக் குதிகாலைத் தூக்கித்தான் நடக்கும். ஆனிக்குக் கல்யாணமான நாள் முதலாக அந்தப் பழக்கம். தும்மலைக்கூட முந்தானைக்குள் பிடித்துக்கொள்வாள்.

படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். இருட்டு. மூச்சுச் சத்தம். தூங்குகிறார். கூட வேலை பார்க்கிற யாரோ ஷூவை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த மூச்சிலிருந்த கரகரப்புதான் அவளைப் பல மாதமாகத் தூங்கவிடாதது. அலெக்ஸின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. டாக்டரிடம் போகலாம் என்றால் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குக் காரணமே ஆனிதான். அவள் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தாள். இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் புற்றுநோயில் சாகிறார்கள், வருஷா வருஷம் ஏறுகிறதா இறங்குகிறதா, நாட்டுக் கணக்குக்கு மேலா கீழா என்று ஒப்பிடுகிற வேலை. முதலில் பார்த்தபோது ஊரின் எண், நாட்டின் எண்ணைவிட எங்கோ கீழே கிடந்தது.

"உன் கணக்குப்படி இங்க எவனுக்கும் கேன்சர் வராதுடி," என்றான் அலெக்ஸ். "நூறு வயசு இருந்து உன் உயிர வாங்கறேன் பாரு."

ஆனால் அவளுக்குத் தெரியும், இந்த ஊரில் யாரும் கிழவராவதே இல்லை. ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அவரவர் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். நோய் அங்கே வருகிறது. சாவும் அந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அலெக்ஸைப் பயமுறுத்தியாவது டாக்டரிடம் இழுத்துப் போக ஆனிக்கு உண்மையான எண் வேண்டியிருந்தது. காலி செய்துபோன குடும்பங்களுக்குப் போன் போட்டாள். எங்கெங்கோ செத்தவர்களையெல்லாம், அவர்கள் உழைத்து வாழ்ந்த பிளாக்கிலேயே, அந்த வீட்டு நம்பரிலேயே கொண்டுவந்து சேர்த்தாள்.

முதலில் சேர்த்தது துரைராஜை. இவர்களுக்கு முன் இதே வீட்டில் இருந்தவர். தொண்டையில் புற்று. கும்பகோணத்தில் செத்தார். அவர் மனைவி கஸ்தூரியம்மாள் போனில் அழுதாள்.

"கழுத்துல ஓட்ட போட்டு வுட்டுட்டாங்க, கண்ணு. அத வெரலால மூடிக்கினுதான் பேசுவாரு. வூட்டுக்குப் போணும், வூட்டுக்குப் போணும்னுகினே கெடந்தாரு. வூட்லதான இருக்கீங்கன்னா, நீ இருக்கிற குவார்ட்டர்ஸ் நம்பர சொல்றாரு. அங்கயே எழுதிக்கோ. இதாவது அவருக்குக் கெடைக்கட்டும்."

எல்லாரையும் சேர்த்து முடித்தது இன்று காலையில்தான். ஊரின் எண் ஏறி, நாட்டின் எண்ணோடு சமமாக வந்து நின்றது. அலெக்ஸ் எழுந்ததும் சொல்லிவிட வேண்டும், இங்கேயும் வரும் என்று. சாயங்காலமே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

அடுப்படிக்குப் போய்க் குழம்பைச் சூடு செய்தாள். அப்போதுதான் கேட்டது.

டங்.

இரும்பின் மேல் இரும்பு. பக்கத்து வீட்டுப் பக்கம். பூட்டை உடைக்கிற சத்தம். பிறகு பாத்திரங்கள் உருள்வதும், பீரோ சாய்வதும், கனமான எதையோ தரையில் இழுத்துப் போவதும். ஆள் தூங்குகிற தெருவில் இப்படிச் சத்தம் போட யாருக்குத் தைரியம் வந்தது? ஆனி பின்கட்டுக்குப் போனாள். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுச் செந்தாமரையின் முகம் எழும்பியது. வேர்த்து வெளிறிப் போயிருந்தது.

"ஏ ஆனி," கிசுகிசுத்தாள். "எங்க வூட்ல ஒரு ஆளு வந்து நிக்கிறான்டி. முன்ன இருந்தவனாம். வூட்ட காலி பண்ணுங்கறான். மேலெல்லாம் மண்ணு நாத்தம்."

"அண்ணன் எங்கக்கா?"

"அவரத்தான் மொதல்ல..."

பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்தது. ஒரே இழுப்பு. மதில் விளிம்பில் தாடை மோதி உடைந்தது, முறுக்கைக் கடித்த மாதிரி சின்னச் சத்தம். முகம் மறைந்துவிட்டது. மதில்மேல் ரத்தம். இரண்டு பல். வெயிலில் பளபளத்தன.

ஆனி கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். பழக்கம்.

இஞ்சி தட்டுகிற இரும்புக் குழவியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள். ஓடும்போதும் குதிகால் தரையில் படவில்லை.

"என்னங்க."

இருட்டு. ஈர மண் வாசனை. மூச்சுச் சத்தம். அவள் நின்றுவிட்டாள். இரண்டு மூச்சு. ஒன்று கரகரப்பு. இன்னொன்று சீட்டியடித்தது.

கம்பளியைப் பிடித்து இழுத்தாள். ஆணிகள் தெறித்தன. வெளிச்சம் கொட்டியது.

அலெக்ஸின் மார்பின்மேல் துரைராஜ் உட்கார்ந்திருந்தார். அவர் விரல்கள் அவன் தொண்டையைத் துளைத்து முட்டிவரை உள்ளே இறங்கியிருந்தன. கிளறிக்கொண்டிருந்தன. தலையணை சிவப்பாகச் சொதசொதத்தது. அலெக்ஸின் கால்கள் மெத்தையை உதைத்தன. சத்தமே இல்லை. கண்கள் ஆனியைப் பார்த்தன.

அடித்தாள். மண்டை உள்வாங்கியது. களிமண். மறுபடி அடித்தாள். காது பிய்ந்து விழுந்தது. மறுபடி. மறுபடி. கை ஓய்ந்தது.

மிச்சமிருந்த முகம் அவள் பக்கம் திரும்பியது. இன்னொரு கையின் விரல், தன் கழுத்து ஓட்டையை மூடியது.

"மெதுவாம்மா. நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்திருக்கான். எழுப்பிடாத."

"விட்டுடுங்கய்யா. உங்கள எடுத்துடறேன். கும்பகோணத்துலயே சேத்துடறேன். கால்ல விழறேன்."

"நல்லாருக்கே! கூப்ட்டது நீ. வந்து கால நீட்டறதுக்குள்ள போன்னா?" அவர் சிரித்தார். சிரிப்பு கழுத்து வழியாகச் சீறியது. "ஒரு வூட்டுக்கு ஒரு குடும்பந்தான், தாயி. காலி பண்ணு."

தொண்டைக்குள்ளிருந்த கையாலேயே அலெக்ஸைத் தூக்கினார்.

வாசலில் எறிந்தார். பின்னாலேயே அவளையும். டிரங்குப் பெட்டி. வாளி. கல்யாண போட்டோ. கதவு சாத்தப்பட்டது.

தெரு முழுக்க அப்படியே. ஒவ்வொரு கேட்டுக்கும் வெளியே கட்டில், பானை, துணிமூட்டை, அவற்றின்மேல் மனிதர்கள். கழுத்து திறந்து கிடந்தார்கள். சிலர் இன்னும் அசைந்தார்கள். ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரே ஒரு ஜோடி ஷூ. ஈரமாக.

ஆனி அலெக்ஸின் தலையை மடியில் எடுத்தாள். அவன் உதடுகள் அசைந்தன. காற்று மட்டும் கழுத்திலிருந்து குமிழியிட்டது. அவள் ஓட்டையை விரலால் மூடினாள், அவன் பேசட்டும் என்று.

"வீட்டுக்குப் போணும்," என்றான் அலெக்ஸ்.

உள்ளே யாரோ கம்பளியை ஜன்னலில் மறுபடி வைத்து ஆணி அடித்தார்கள். கட்டில் கிரீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் சீட்டியடிக்கும் குறட்டை கேட்டது. ஆனிக்கு அழுகை வெடித்து வந்தது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.