இருபத்திரண்டு நொடிச் சண்டை

காது என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஆனால் வகுப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் யாராவது மிட்டாய் பிரித்தால், முதல் பெஞ்சில் இருந்தபடியே அது எந்த மிட்டாய் என்று சொல்லிவிடுவாள். அதனால் குறும்படம் எடுக்கக் குழு பிரித்தபோது, ஒலிப்பதிவு வேலை கேள்வியே இல்லாமல் அவளிடம் வந்தது.

குழுவில் மொத்தம் மூன்று பேர். ஒருவன் டைரக்டர். அந்தப் பட்டத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். இன்னொருத்தி சுருட்டை. முதல் வகுப்பிலிருந்தே காதுக்குத் தோழி. அடுத்த தெருவில் வீடு. பாதி நாள் காதின் வீட்டில்தான் சாப்பிடுவாள்.

முழுப் படம் எடுக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பதிமூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு படத்தின் தொடக்கம் மட்டும் போதும். இரண்டே நிமிடம். அதற்குள் அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன கஷ்டம் என்பது புரிந்துவிட வேண்டும். ஆனால் அதை யாரும் வாயால் விளக்கக் கூடாது.

கதையை மூன்று பேரும் சேர்ந்துதான் யோசித்தார்கள். ஒரு பெண் பள்ளிக்குக் கிளம்புகிறாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பாவும் அம்மாவும் சண்டை போடுகிறார்கள். அவள் எதுவும் நடக்காததுபோலத் தலை சீவி, ஷூ கயிறு கட்டி, காதில் ஹெட்ஃபோனை மாட்டுகிறாள். சத்தம் நின்றுபோகிறது. படத்தின் பெயர் வருகிறது.

படப்பிடிப்பு சுருட்டையின் அறையில் நடந்தது. அவள்தான் கதாநாயகி. பதினோரு தடவை ஷூ கயிறு கட்டினாள். பன்னிரண்டாவது தடவை கயிறே அறுந்துவிட்டது. நல்லவேளை, பதினோராவது நன்றாக வந்திருந்தது.

சண்டைதான் சரியாக வரவில்லை. டைரக்டர் குரலைத் தடிமனாக்கி அப்பாவாகப் பேசினான். சுருட்டை அம்மாவாகப் பேசினாள். ஏன் லேட் என்று அவள் கேட்க, பஸ் லேட் என்று அவன் சொல்ல, பஸ் ஏன் லேட் என்று அவள் கேட்க, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நிஜமான சண்டை அப்படி இருக்காது என்று காதுக்குத் தெரியும். அதில் யாரும் அவ்வளவு கத்துவதில்லை. ஒருவர் பேசி முடித்ததும் நீளமான ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளிதான் பயமாக இருக்கும். இது எப்படித் தெரியும் என்று அவள் சொல்லவில்லை. சத்தத்தைத் தானே கொண்டுவருவதாக மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம், தலை சீவும் காட்சிக்காகக் குழாய்ச் சத்தம் தேவைப்பட்டது. சமையலறைக் குழாயை லேசாகத் திறந்துவிட்டு, மேலே அலமாரியில் ஃபோனை வைத்துப் பதிவு செய்தாள். தன் காலடிச் சத்தம் விழக் கூடாது என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போது அப்பா வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அன்று அவளும் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். குழாயை யார் திறந்துவிட்டது என்ற அம்மாவின் குரல்தான் முதலில் அறைக்குள் வந்தது. குழாய் நின்றது. பிறகு சண்டை தொடங்கியது.

அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அவர் சரி என்று சொல்லியும் விட்டார். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை.

காது எழுந்து போய் ஃபோனை எடுத்திருக்கலாம். கதவுப் பிடி வரைக்கும் கை போனது. அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை, பள்ளிக் கணினி அறையில் படத்தைத் தொகுத்தபோது, அந்தப் பதிவிலிருந்து இருபத்திரண்டு நொடியை வெட்டிச் சேர்த்தாள்.

"முடிவு பண்ணிட்டு வந்து சொல்றீங்க."

"முன்னாடியே சொன்னா மட்டும் என்ன மாறிடும்?"

"மெதுவா பேசுங்க. குழந்தைக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்."

டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். யார் நடித்தது என்று கேட்டான். தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்றாள் காது. சுருட்டை குனிந்தாள். தன் ஷூவுக்குப் போட்ட புதுக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீச்சர் அதை வகுப்பில் போட்டுக் காட்டினார். படம் முடிந்தது. டீச்சர் இன்னொரு தடவை போட்டார். இந்த வகுப்பில் இதுவரை வந்ததிலேயே நல்ல ஒலிப்பதிவு இதுதான் என்றார். எல்லோரும் காதைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்துப் பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மதிய இடைவேளையில் குடிதண்ணீர்க் குழாய் அருகில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் மெல்லிய குரலில் குழந்தைக்குக் கேக்கப் போகுது என்றான். மற்றவன் கேக்கட்டும் என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுவதும் அது பரவிவிட்டது. யாராவது கிசுகிசுத்தால் கேக்கட்டும். மணி அடித்தால் கேக்கட்டும். ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டதற்கும் கேக்கட்டும். ஒவ்வொரு தடவையும் காதுக்கு அப்பாவின் முகம் கண்ணில் வந்து போனது. படம் வெளியாகும் முன்பே ஹிட் ஆகிவிட்டது என்று டைரக்டர் குதித்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டில் அம்மா, பள்ளியிலிருந்து வந்த அழைப்பிதழைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை திரையிடல். பெற்றோர் எல்லோரும் வர வேண்டும். கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் இருவரும் ஒரே இடத்துக்குப் போய் எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

காது அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலையில் டைரக்டரிடம் சொல்லிப் பார்த்தாள். சண்டைச் சத்தத்தை மாற்றிவிடலாம் என்றாள். அவன் முடியவே முடியாது என்றான். காரணம் கேட்டான். அவள் ஒவ்வொரு பொய்யாக யோசித்தாள். ஒன்றும் சரியாக அமையவில்லை. அவன் போய்விட்டான்.

சுருட்டை மட்டும் நின்றாள்.

"நீயாவது சொல்லேன்" என்றாள் காது.

சுருட்டை பையின் வாரைத் திருகினாள். "அது உங்க அம்மா குரல்தானே? எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"படம் நல்லா இருந்துச்சே" என்றாள் சுருட்டை. "நான் நடிச்சதைப் பாத்து டீச்சர் முதல் தடவையா என்னைப் பாராட்டினாங்க. அதை எடுத்துட்டா என்ன இருக்கு?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் காதுக்கு ரொம்ப வலித்தது. காதின் அம்மா கையால் எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள் இவள்.

மதியம் காது தனியாகக் கணினி அறைக்குப் போனாள். படத்திலிருந்து அந்த இருபத்திரண்டு நொடியை அழித்தாள். முழுப் பதிவையும் அழித்தாள். திரையில் இருந்த குப்பைத் தொட்டிச் சின்னத்தை அழுத்தி, அதற்குள் இருந்ததையும் அழித்தாள். தன் ஃபோனில் இருந்ததையும் அழித்தாள். திரையில் சத்தம் இருந்த இடம் வெறும் கோடாகத் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தானே டைரக்டரிடம் போய்ச் சொன்னாள். அவன் முகம் சிவந்துவிட்டது. எல்லோருடைய படத்தையும் அவள் ஒருத்தி கெடுத்துவிட்டாள் என்று டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனான். அவன் சொன்னது தப்பும் இல்லை.

எதற்காக இப்படிச் செய்தாய் என்று டீச்சர் கேட்டார். காது டைரக்டரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அவனை வெளியே அனுப்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அது நடிச்சது இல்ல, டீச்சர்."

டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். வகுப்பில் அதை இரண்டு தடவை போட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்து, நாளை மதியம் இசை அறை காலியாகத்தான் இருக்கும் என்றார்.

வியாழக்கிழமை காது ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு தம்ளரோடு இசை அறைக்குப் போனாள். வார்த்தையே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். நாற்காலியை இழுத்தாள். அலமாரியைச் சாத்தினாள். கதவு வரை நடந்து, நின்று, திரும்பிப் போனாள். எல்லாவற்றையும் பதிவு செய்தாள்.

டைரக்டர் வந்து வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உதவி செய்யமாட்டேன், பார்க்கத்தான் வந்தேன் என்றான். அவள் தட்டை மேசைமேல் டமால் என்று வைத்தாள். இன்னொரு தடவை வைத்தாள். மூன்றாவது தடவை அவனால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்ல. மெதுவா வை" என்றான். "ரொம்பக் கோவமா இருக்கறவங்க மெதுவாத்தான் வைப்பாங்க."

காது அவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் தட்டை மெதுவாக வைத்தாள். சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அம்மா நான்காவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்து அப்பாவுக்கு இடம் பிடித்திருந்தாள். அப்பா தாமதமாக, கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வந்தார். அந்த இடத்தைப் பார்த்தார். ஆனாலும் கதவு ஓரத்திலேயே நின்றுகொண்டார்.

சுருட்டை வந்து காதுக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கேயும் பக்கத்து நாற்காலியில் காதின் பை இருந்தது. எடுக்கலாமா என்று காது யோசித்தாள். எடுக்கவில்லை.

அவர்கள் படம் ஓடியது. நாற்காலி இழுபட்டது. காலடிகள் கதவு வரை வந்து திரும்பின. தட்டு மெதுவாக மேசையில் உட்கார்ந்தது. திரையில் சுருட்டை ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாள். பின்வரிசையில் ஒரு பையன், கேக்கட்டும் வசனம் எங்கே என்று சத்தமாகக் கேட்டான். சிலர் சிரித்தார்கள். கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. முதல் பரிசு, பேசும் நாயைப் பற்றிப் படம் எடுத்த குழுவுக்குப் போனது. அந்த நாய் கடைசி வரை பேசவே இல்லை.

விளக்கு எரிந்ததும் அப்பா கையை ஆட்டினார். எங்கேயோ ஒரு லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சைகையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவும் காதும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அம்மா கேட்டாள், "அந்தத் தட்டுச் சத்தமெல்லாம் யாரு செஞ்சது?"

"நான்தான்."

"முன்னாடி வேற ஏதோ வசனம் இருந்துச்சாமே. என் பின்னாடி ஒரு பையன் சொல்லிக்கிட்டு இருந்தான்."

ஒரு பொய் சொன்னால் போதும், விஷயம் அங்கேயே முடிந்துவிடும். காது சொல்லவில்லை. அலமாரியில் ஃபோன் வைத்தது, வெட்டிச் சேர்த்தது, வகுப்பில் போட்டது, பையன்கள் கேலி செய்தது, கடைசியில் அழித்தது எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் ஒரு தூசியும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் துடைத்தாள்.

"கோவமா இருக்கியாம்மா?"

"இருக்கு" என்றாள் அம்மா. "யார் மேலன்னுதான் தெரியல."

ஒரு லாரி கடந்து போனது.

"அப்பா எப்பப் போறாரு?"

"அடுத்த ஞாயிறு."

"திரும்பி வருவாரா?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "உன்னைப் பாக்க வருவாரு."

உன்னை என்றுதான் சொன்னாள். நம்மை என்று சொல்லவில்லை. காதுக்கு அது நன்றாகவே கேட்டது. ஆனால் இந்தத் தடவை நடுவில் கதவு இல்லை.

பேருந்து வந்து நின்றது. காது எழுந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அடுத்ததுல போலாம். உனக்கு இன்னும் என்னென்ன கேக்கணுமோ, கேளு."

அவள் கேட்டாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மூன்று பேருந்துகள் வந்து போயின.