உப்புத்தாள்

மேஜையிலிருந்து உதிர்ந்த தூளில் ஒரு குழந்தையின் கழுத்து வாசனை அடித்தது.

அவள் முதலில் நம்பவில்லை. மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, விரல் நுனியில் கொஞ்சம் தூளை ஒற்றியெடுத்து முகர்ந்தாள். மரத்தூள் எப்படி மணக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. இதற்கு முன் சுவரில் ஓர் ஆணிகூட அடித்தவள் அல்ல. ஆனால் இந்த வாசனை தெரியும். பள்ளிவிட்டு வந்து மடியில் விழும் பிள்ளையின் பிடரியில் வேர்வையும் எண்ணெயும் வெயிலும் கலந்து வருமே, அதேதான். வாலு காலையிலிருந்து தன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள், அந்த வாசனைதான் சட்டையில் ஒட்டியிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துணியை மறுபடி ஏற்றிக் கட்டினாள்.

வாலு என்றால் மகள். மூன்றாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் எழுதுவாள். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று ஆசிரியை வாய்விட்டே சொல்லிவிட்டாள். அன்றைக்கே அம்மாக்காரி முடிவெடுத்தாள், பிள்ளைக்கு ஒரு மேஜை வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய சாமான் கடையில், கால் உடைந்த நாற்காலிகளுக்கும் கதவில்லாத பீரோக்களுக்கும் நடுவே, பச்சை பெயின்ட் அடித்த இந்தச் சின்ன மேஜை ஒதுங்கி நின்றது. வேறு யாரும் சீந்தாததால் ஏறக்குறைய இனாமாகவே கிடைத்தது.

கடைக்காரர் ஒன்றுதான் சொன்னார். பெயின்ட்டை உரிக்காதீர்கள், அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்துவிடுங்கள். உரித்தாலும் வெறும் மரமாக ஒருநாள்கூட விட்டுவைக்காதீர்கள். ஈரத்துக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கைப்பேசியில் பார்த்த வீடியோக்களில் எல்லோரும் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மரத்தின் ரேகையைக் கண்ணாடிபோல் வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். அவளுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்பவர்களுக்கு, செய்யாதே என்று சொன்னவரைவிட வீடியோவில் வருபவர்மேல்தான் மரியாதை அதிகம்.

பச்சைக்குக் கீழே வெள்ளை இருந்தது. வெள்ளைக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே பழுப்பு, மறுபடி பச்சை. எல்லாமே ஒரே கை அடித்த மாதிரி, ஓரத்தில் ஆரம்பித்து நடுவில் அழுத்தி அழுத்தி அடித்திருந்தது. விசித்திரம் என்னவென்றால், மேஜையின் கால்களில் ஒரே ஒரு கோட்தான். இழுப்பறையில் அதுவும் இல்லை. மேல்பலகையை மட்டும் யாரோ வருஷக்கணக்கில் மூடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெயின்ட் முழுக்கப் போனதும் மூன்று கறைகள் தெரிந்தன. இரண்டு நீளமாக, பக்கத்துக்கு ஒன்றாக. மேலே அவற்றின் நடுவில் வட்டமாக ஒன்று. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் புரியும்: முழங்கைவரை இரண்டு கைகளை நீட்டி, நெற்றியைப் பலகைமேல் வைத்து, ஒரு பிள்ளை தூங்கியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஊறியிருக்கிறது என்று அவள் முரட்டு உப்புத்தாளை எடுத்தாள். கறை லேசில் போகவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்கித் தேய்த்தாள். தாள் மழுங்க மழுங்கப் புதுத்தாள் மாற்றினாள். தூள் கையில் வெதுவெதுப்பாக விழுந்தது. அந்தப் பிடரி வாசனை அறை முழுக்க நிறைந்தது. சாயங்காலம் கறை சுத்தமாகப் போயிருந்தது. தோள்பட்டை விட்டுப்போனாலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

புருஷன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். வந்து பார்த்துவிட்டு, "என்னைக்காவது என் முதுகை இப்படித் தேச்சுவிட்டிருக்கியா?" என்றான்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும் என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். சரி, வெயில் வரட்டும் என்று பின்னறையில் ஜன்னலோரமாக மேஜையை வெறும் மரமாகவே விட்டுவைத்தாள்.

இரண்டொரு நாள் கழித்து, மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட ஒரு மத்தியானம், வீடு வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருக்கிறதே என்று தேடிப் போனவள், பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாள். வாலு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் நீட்டியபடி. நெற்றி பலகைமேல். கையில்லாத சட்டை, புழுக்கத்தில் கழுத்தெல்லாம் வேர்வை. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் விரைந்து கிட்டே போனாள். தூக்கினாள். கைகள் உடனே வரவில்லை. ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டுவந்தன. வாலு கண்ணைத் திறக்காமலே, இந்த மேஜை சூடா நல்லா இருக்கும்மா என்று முனகிவிட்டு அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் கறைகள் வந்துவிட்டன.

இவை பழைய கறைகள் இல்லை. இன்னும் சின்னவை. ஈரத்துணியால் துடைத்தாள். சோப்புத் தண்ணீர் போட்டாள். துடைக்கத் துடைக்கக் கறுத்தன. வெள்ளிக்கிழமை விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தபோது, வலதுபக்கக் கறையின் நடுவில், நகத்தளவுக்குப் பிறைபோல ஓர் இடம் மட்டும் வெளுத்திருந்தது. போன வருஷம் வாலு சைக்கிளிலிருந்து விழுந்ததில் வலதுகையில் தையல் போட்டார்கள். தழும்பு பிறை மாதிரிதான் இருக்கும். அவள் அதைப் பற்றி மேற்கொண்டு நினைக்க விரும்பவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது புருஷனிடம், கறை போகவே மாட்டேன் என்கிறது, கை ஒடிகிறது என்று மட்டும் அலுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அவனுக்கு ஓய்வு. உள்ளே குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வாலு கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வெளியே மழை விட்டும் விடாமலும் சொட்ட, பகலிலேயே விளக்குப் போடவேண்டிய அளவுக்கு இருட்டு. அவள் உப்புத்தாளை மடித்துக்கொண்டு வலதுபக்கக் கறையில், அந்தப் பிறைக்குக் கொஞ்சம் கீழே வைத்து, நாலைந்து இழுப்பு இழுத்தாள். தாள் கரகரத்தது. தூள் வெதுவெதுப்பாக இருந்தது.

"அம்மா, கை எரியுது."

குரல் கூடத்திலிருந்து வந்தது. தாளைப் போட்டுவிட்டு ஓடினாள். வாலு வலதுகையை நீட்டினாள். பிறைத் தழும்புக்குக் கீழே சிவந்திருந்தது, சிராய்த்ததுபோல. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாய் என்று எண்ணெய் தடவிவிட்டாள். பின்னறைக்குத் திரும்பி வந்தாள். மேஜையின்முன் நின்றாள்.

செய்யக்கூடாது என்று தெரியும். செய்யாமலும் இருக்க முடியவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தாளை எடுத்தாள். இடதுபக்கக் கறை. ஒரே ஒரு இழுப்பு. ஒப்புக்கு, பூனையைத் தடவுகிற மாதிரி.

காத்திருந்தாள்.

மழை சொட்டியது. கூடத்தில் பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அம்மா. இப்ப இந்தக் கை."

புருஷனை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். கட்டில் அருகே போய் நின்றுகூடப் பார்த்தாள். சொன்னால் சிரிப்பான், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். மேஜைமேல் ஒரு போர்வையை மடித்துப் போட்டு மூடினாள். அவன் தோளை உலுக்கி, பெயின்ட் வாங்கிவர வெளியே போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். அவன் கண்ணைத் திறக்காமலே சரி என்றான்.

பழைய சாமான் கடைக்காரர் மழைக்குக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "உரிச்சிட்டீங்களாம்மா?" என்றார்.

அவள் தலையசைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மேஜையை விற்றது ஒரு பெண்மணி. அக்கா இறந்ததும் வீட்டைக் காலி செய்தபோது கொண்டுவந்து போட்டாள். அந்த அக்கா ஒவ்வொரு வருஷமும் தன் கையால்தான் அதற்குப் பெயின்ட் அடிப்பாளாம், வேறு யாரையும் தொடவிடமாட்டாளாம். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. உரிக்காமல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும் விற்றுவிடு என்பதுதான் சாகும்போது தங்கையிடம் அவள் சொன்ன கடைசி வார்த்தை. அந்த அக்காவுக்கு ஒரே மகன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். சின்ன வயதில் அந்த மேஜையில்தான் படித்தான்.

"அந்தப் பையன்..." என்றாள்.

"ஆஸ்பத்திரில இருக்கான்மா. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளாஸ்மேட்ஸோட உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவன். ரெண்டு கையும், நெத்தியும். தோலே இல்லைன்னு அவங்க சித்தி வந்து அழுதாங்க. தீப்பட்ட காயமும் இல்லையாம். டாக்டருங்களுக்கே புரியல."

போன ஞாயிறு மத்தியானம். உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கித் தேய்த்த கை. தாள் மாற்றி மாற்றித் தேய்த்த கை. அந்தக் கையைத்தான் அவள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் தூள் இருந்தது. ஒரு தாயின் பிள்ளையை அவள் உரித்துவிட்டிருக்கிறாள். அழுகை வந்தது, அழ நேரமில்லை. மூடவேண்டும். அந்த அம்மா செய்ததைச் செய்ய வேண்டும். ஒரு கோட், அதன்மேல் இன்னொரு கோட், சாகும்வரை வருஷத்துக்கு ஒன்று. தன் பிள்ளைக்கு அதையாவது செய்துவிடலாம்.

பக்கத்துக் கடையில், என்ன நிறம் வேண்டும் என்று கேட்டவனிடம் எதுவானாலும் கொடு என்றாள். டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினாள். புருஷனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தூங்குகிறான். தூங்கட்டும். போர்வை மூடியிருக்கிறது. யாரும் தொடமாட்டார்கள். தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் வாலு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, குளிருக்கு அடக்கமாக, தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள். கை நன்றாக இருந்தது. முகம் நன்றாக இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"அப்பா எங்கடி?"

"உனக்குச் சர்ப்ரைஸாம். சொல்லக் கூடாதாம்."

பின்னறை. ஜன்னல். கீழே சுருண்டு கிடந்த போர்வை. தரையில் நாலு கால் தடம்.

மேஜை இல்லை.

கையிலிருந்த டப்பா விழுந்து உருண்டது. போன் அடித்தது. அவன்தான். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், பலகைகள் இடிபடும் சத்தம்.

"கோவிச்சுக்காத. நீ ஒரு வாரமா அதோட மல்லுக்கட்டறதைப் பாக்க முடியல. வண்டில ஏத்தி மரக்கடைக்குக் கொண்டாந்துட்டேன். இங்க மெஷின் இருக்கு. ஒரே இழைப்பு, கறை மொத்தமும் ஓடிடும்ங்கறாரு ஆசாரி."

"வேண்டாம். நிறுத்து. தொட வேண்டாம்னு சொல்லு."

"என்ன? சத்தமா சொல்லு, மெஷின் போட்டுட்டாரு."

"நிறுத்தச் சொல்லு. வாலு..."

"ஒண்ணும் கேக்கல. முடிச்சுட்டுக் கூப்பிடறேன்."

உறுமல் ஒன்று கிளம்பி, மேலே ஏறி, ஒரே சீராக நிலைத்தது. பிறகு போன் அடங்கியது.

வீடு அமைதியாக இருந்தது. மழைகூட விட்டிருந்தது. அவள் கூடத்தை நோக்கி நடந்தாள்.

வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள். பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, தலையைச் சாய்த்து, என்னமோ வேடிக்கை நடக்கிறது என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வலிக்கல," என்றாள். "கூசுது."

சட்டைக் கையின் விளிம்பிலிருந்து, வரைந்துகொண்டிருந்த காகிதத்தின்மேல், மெல்லிய வெளிர் தூள் கொட்ட ஆரம்பித்தது. நிற்காமல் கொட்டியது. கூடம் முழுக்க அந்தப் பிடரி வாசனை.

வாலு சிரித்துக்கொண்டே தலையை உதறினாள்.

"இப்ப நெத்தி."