நாலாவது போளி

காலை 11.20. கிழக்கேகோட்டையில் லலிதாம்பாள் நடத்தும் மெஸ்ஸில் ஒரு போளியைக் காணவில்லை.

"படத்துக்குன்னு நாலு வெச்சேன். மூணுதான் இருக்கு!" லலிதாம்பாள் தட்டை நீட்டினாள். "உள்ளே தூக்கிண்டு வந்தது நீதானே, வன்னியராஜா? துணிமணியை எடுத்துண்டு கெளம்பு!"

வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாளான வன்னியராஜுக்கு நாற்பது வயது. "தட்டத்தான் தூக்குனேன். போளிய எடுக்கலம்மா" என்றார்.

மெஸ்ஸைப் படமெடுக்க வந்த சபீனாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நிமிஷம், மாமி. படத்தைப் பார்த்துடலாம்."

எடுத்தது எச்.டி.ஆர். படம். ஜன்னல் பக்கம் கண் கூசும் வெயில். போளி இருந்த மூலையிலோ இருட்டு. ஒரே படத்தில் இரண்டும் அடங்காது. அதனால் காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜன்னலுக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று என வெளிச்சத்தைக் கூட்டிக்கூட்டி மூன்று எடுத்து, லேப்டாப்பில் ஒன்றாகச் சேர்த்திருந்தாள். மூன்றும் எடுத்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்பது உத்தரவு.

திரையில் நாலு போளியும் இருந்தன.

"பார்த்தியா! படம் எடுக்கறச்சே நாலும் இருக்கு!"

சபீனா படத்தைப் பெரிதாக்கினாள். நாலாவது போளிக்குள், தட்டில் விரித்திருந்த வாழையிலையின் நரம்பு தெரிந்தது.

"எடுத்து முடியறதுக்குள்ளேயே போயிருக்கு, மாமி. ரெண்டாவது படத்துல இருந்தது, மூணாவதுல இல்ல. சேர்த்தப்போ பாதி தெரியுது."

"அப்போ யாரு?"

"அசைஞ்சவங்க."

ஜக்கோடு வாசலருகே நின்ற வன்னியராஜ் அச்சடித்ததுபோல் தெளிவாக இருந்தார். லலிதாம்பாளின் மூக்குத்திகூட மின்னியது. தட்டுக்குப் பக்கத்தில் அவள் கணவர் சேஷன்.

"மாமா, அசைஞ்சீங்களா?"

"சிலையாட்டம் நின்னேனே!"

"நெத்தியில எத்தனை பட்டை விபூதி?"

"மூணு. இதென்ன கேள்வி?"

"படத்துல ஆறு இருக்கு, கேட்டோ" என்றாள் சபீனா, மலையாளம் கலந்து.

சேஷன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். சபீனா மூன்றாவது படத்தைத் தனியாகத் திறந்தாள். இலையில் மூன்று போளி. சேஷனின் வலது கன்னம் எலுமிச்சம்பழம் அடக்கியதுபோல் உப்பியிருந்தது.

"ஏன்னா! சுகர் முன்னூறுன்னு டாக்டர் சொன்னாரே!"

"எல்லாரும் காமிராவையே பார்த்துண்டிருந்தேள்" என்றார் சேஷன் பரிதாபமாக. "போளி தின்னு ஆறு மாசமாச்சுடி."

லலிதாம்பாள் வன்னியராஜ் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "தப்பாப் பேசிட்டேன்பா. போகாதே. இந்தா, மூணும் உனக்குத்தான். பாயசமும் விட்டுத் தரேன்."

"வேண்டாம்மா. எனக்கு இனிப்பே ஆவாது."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியேம்மா."

லலிதாம்பாள் ஒரு போளியைத் தானே பாயசத்தில் தோய்த்துத் தின்றாள். இன்னொன்றைச் சபீனாவிடம் கொடுத்தாள். மூன்றாவதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.