முப்பத்தேழாம் எண் துணி

"களவு கண்டுபுடிக்கிற ஐயரு வூடு இதானா?"

வாசலில் நின்ற பெண் வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடியிருந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த புழுதி அதில் படிந்திருந்தது. ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்த உப்பிலி வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உள்ளே வந்து உட்காரம்மா. உப்பிலி, வந்தவாகிட்ட வாசல்லேயே பாடம் நடத்தாதே."

வெங்கடராகவன் போலீஸ் இலாகாவின் போட்டோ பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, சொந்த ஊரான செங்கல்பட்டில் தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்தவர். உப்பிலி அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயதுக்குள் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டாதவன், இதில் மட்டும் இரண்டு வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தான். இதில் அலையலாம், ஒட்டுக்கேட்கலாம், முந்திக்கொண்டு தப்பாகச் சொல்லலாம். அவனுக்கு வேறென்ன வேண்டும்?

பதருன்னிசா என்று பெயர் சொன்ன அந்தப் பெண் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு பேரு முனீரு. மின்ன பட்டாளத்துல இருந்தாரு. அவரு திருடிட்டார்னு காசிநாத முதலியார் சொல்றாரு. இன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பொருளைக் குடுக்கலேன்னா உள்ள தள்ளிடுவேன்னு ஏட்டு எல்லப்பன் சொல்லிட்டுப் போனாரு. மாபல்லபுரம் பங்களாவுல வாச்மேன் வேலை வர்ற ஒண்ணாந்தேதிக்கி சொல்லிக் கீது. போலீசு கேசுன்னு வந்தா யாரு சாமி வேலை குடுப்பா?"

"எந்தக் காசிநாதன்? பனி காசிநாதனா?" என்று உப்பிலி துள்ளினான்.

செங்கல்பட்டில் அந்தப் பெயரைத் தெரியாதவர் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன், ஐம்பத்து நாலில், ஐரோப்பாவில் மலைநாடு ஒன்றில் பல தேசத்துப் பட்டாளத்தார் கலந்துகொண்ட பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தது. இந்திய அணியில் நால்வர். மூவர் இமயமலைப் பக்கத்து ஆட்கள், நாலாமவர் நம் காசிநாதன். பதினான்கு தேசங்களில் இந்தியா பதின்மூன்றாவதாக வந்தது. அதாவது கடைசிக்கு முந்தினது என்று ஒரு கணக்கு வாத்தியார் விளக்கப் போய், கடைத்தெருவில் அடி வாங்காமல் தப்பித்தார். பனியையே காணாத ஊருக்குப் பதின்மூன்றும் பெரிசுதான். மறுநாள் மாலை காசிநாதனுக்குப் பாராட்டு விழா நடக்க இருந்தது. பந்தயத்தில் அவர் மார்பில் கட்டியிருந்த முப்பத்தேழாம் எண் துணியைப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைப்பதாக ஏற்பாடு. காணாமல் போனது அந்தத் துணிதான்.

"உன் வீட்டுக்காரர் அங்கே எதுக்குப் போனார்?" என்றார் வெங்கடராகவன்.

"வாச்மேன் வேலைக்கி நன்னடத்தை சர்டிபிகேட்டு வேணுமாம். பட்டாளத்துல ஒண்ணா இருந்தவராச்சேன்னு செவ்வாக்கிழமை மத்தியானம் கேக்கப் போனாரு. முதலியார் தூங்கிகினு இருந்தாராம். கூடத்துல அரை மணி நேரம் தனியா குந்தி இருந்துட்டுத் திரும்பிட்டாரு. அதான் வினையாப் போச்சு."

"பட்டாளத்திலிருந்து அவர் ஏன் வந்துட்டார்?"

அவள் முகம் இறுகியது. "அதே பனிக்கிதான் இவரும் போனாரு. பந்தயத்துக்கு இல்ல, சாமான் காக்க. ராத்திரி காவல்ல தூங்கிப் போயி காலைப் பனிக்கிக் குடுத்துட்டாரு. வலது கால்ல அஞ்சு வெரலும் கெடையாது, எடதுல ரெண்டு கெடையாது. கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிட்டாங்க. ஊர்ல தூங்குமூஞ்சி முனீருன்னுதான் பேரு. நானும் அப்பிடித்தான் கூப்புடுவேன், இன்னா பண்றது?"

"காவல்ல தூங்கினாரே தவிர களவுன்னு ஒண்ணு அவருக்குத் தெரியாது, சாமி" என்று எழுந்திருக்கும்போது சேர்த்துச் சொன்னாள்.

காசிநாதன் நல்ல மனிதராகவே அவர்களை வரவேற்றார். சிவந்த உடம்பு, குட்டையான கால்கள், வாய் நிறையச் சிரிப்பு. கூடத்து நிலைவாசலுக்கு மேலே உயரத்தில் ஒரு வெற்றுச் சட்டம் தொங்கியது. கண்ணாடி உடையவில்லை. பின்பலகை ஆணிகள் எல்லாம் ஒன்றுவிடாமல் பிடுங்கி, கீழே ஒரு வெற்றிலைத் தட்டில் வைக்கப்பட்டிருந்தன.

"அப்பிடியே விட்டு வெச்சிருக்கேன் சார், போலீசு சொன்னதால" என்றார் காசிநாதன். "இந்த பெஞ்சு மேல ஏறித்தான் எடுத்திருக்கான்."

உப்பிலி பெஞ்சில் ஏறினான். அவன் ஒன்றும் குள்ளனில்லை. இருந்தும் குதிகால் தூக்கி, நுனிக்காலில் நின்றுதான் சட்டத்தைத் தொட முடிந்தது. இறங்கும்போது தடுமாறி விழப் பார்த்தான்.

வெங்கடராகவன் அதற்குள் சுவரில் இருந்த புகைப்படத்தின் முன் நின்றுவிட்டார். ஊரில் பாதிப் பேர் பார்த்துச் சிரித்த படம் அது. பனிமேட்டில் நால்வர். கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை மப்ளர். யார் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. மூவர் கம்பளிக் கால்சட்டையில் இருக்க, முப்பத்தேழாம் எண்காரர் மட்டும் கோட்டுக்குக் கீழே கட்டம்போட்ட கைலியோடு நின்றார்.

"அதுவா!" காசிநாதன் சிரித்தார். "பந்தயம் முடிஞ்சதும் பேண்ட் ஈரமா உறைஞ்சு போச்சு சார். கழட்டிப் போட்டுட்டு கைலியைச் சுத்திக்கினு வந்து நின்னேன். வெள்ளைக்காரன்லாம் வயித்தைப் புடிச்சிகினு சிரிச்சான்."

"கடகடன்னு கட்டிண்டு வந்தேளாக்கும்?"

"ஆமா சார். நம்ம பழக்கம் எங்க போவும்?"

வெங்கடராகவன் கை கழுவ வேண்டுமென்று கிணற்றடிக்குப் போனார். கூடவே போன உப்பிலி, துவைக்கிற கல்லில் திட்டுத் திட்டாக ஊதா நிறக் கறையைப் பார்த்தான். காசிநாதனின் இரண்டு கட்டைவிரல் நகங்களிலும் அதே ஊதா இருந்ததைக் கூடத்திலேயே பார்த்திருந்தான். அப்போது அது அவனுக்குப் புதிராகத் தோன்றவில்லை. தேர்தல் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"ஓட்டு மை, அத்திம்பேரே" என்று கிசுகிசுத்தான். "எனக்குக்கூட இன்னும் போகலை."

"உனக்கு எந்த விரல்ல வச்சான்?"

உப்பிலி இடது ஆள்காட்டி விரலைக் காட்டினான். காட்டிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெங்கடராகவன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சதுரங்கப்பட்டினம் பஸ்ஸைப் பிடிச்சுப் போய் முனீரையும் அவன் ஆம்படையாளையும் நாலு மணிக்கு இங்கே அழைச்சிண்டு வா. ஏட்டு வர்றதுக்கு முன்னாடி பேசி முடிச்சுடணும்."

நாலு மணிக்குக் கூடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். முனீர் உயரமானவன். நாற்காலி காட்டியும் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றான். பதருன்னிசா அவனுக்கு எட்டியே நின்றாள்.

"முதலியார்வாள், துணியை முனீர் எடுக்கலை" என்று தொடங்கினார் வெங்கடராகவன். "கால் விரல் இல்லாதவன் பெஞ்சு மேல நுனிக்கால்ல நிக்க முடியாது. முழுக்கால் உள்ள என் மச்சினனே விழப் பார்த்தான். போகட்டும், எப்படியோ ஏறினான்னே வச்சுக்கலாம். அவசரத்துல திருடறவன் சட்டத்தோட தூக்கிண்டு போவான், இல்லேன்னா கண்ணாடியை உடைப்பான். ஆணியை ஒவ்வொண்ணாப் பிடுங்கி, உங்க வீட்டு வெத்தலைத் தட்டுல பத்திரப்படுத்திட்டு, சட்டத்தைத் திரும்ப மாட்டிட்டுப் போகமாட்டான். அதைச் செஞ்சவர் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், சாவகாசமா ஏணி போட்டு ஏறி."

"நான் ஏன் சார் என் துணியையே..." காசிநாதனின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"உங்க துணியா? அதைத்தான் கேக்க வந்தேன்." அவர் புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "உப்பிலி, கைலியோட தலைப்பு எந்தப் பக்கம் செருகியிருக்கு?"

உப்பிலி குனிந்து பார்த்தான். "இடது இடுப்பிலே."

"நீ எந்தப் பக்கம் கட்டறே? இதோ முதலியார் கட்டியிருக்கிற வேஷ்டி?"

"வலது." உப்பிலி முனீரைத் திரும்பிப் பார்த்தான். அவன் கைலி இடப்பக்கம் செருகியிருந்தது. நம் பக்கத்தில் இந்து வலப்பக்கமும் முஸ்லிம் இடப்பக்கமும் கட்டுவது பால்குடி மறந்த நாளிலிருந்து கைக்கு வந்த பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு கட்டினாலும் மாறாது. வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் போனால் மன்னிக்கலாம். மூன்று வருஷமாகச் செங்கல்பட்டே இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது, ஒரு மனிதனும் இடுப்பைப் பார்க்கவில்லை. படத்தைச் சுவரில் மாட்டியவரே பார்க்கவில்லை.

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டா வலது இடதாத் தெரியாதா, அத்திம்பேரே?" உப்பிலிக்கு எப்போதாவது நல்ல கேள்வியும் வரும்.

"தெரியும். இருபது வருஷம் அந்த வேலைதானே பார்த்தேன்? ஆனா அப்போ மார்புல இருக்கிற முப்பத்தேழும் திரும்பியிருக்கணும். அது நேரா இருக்கு. படம் பொய் சொல்லலை. பந்தயம் ஓடிட்டு வந்து நிக்கறது முனீர்."

முனீர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதருன்னிசா அவனைப் பார்த்தாள்.

"மிச்சம் ஊகம்தான். பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கறதுக்காக மூணு வருஷத்துல முதல் தடவையா நீங்க அந்தத் துணியைச் சட்டத்திலேருந்து கழட்டினேள். உள்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. எச்சில் தொட்டு எழுதற ஊதாப் பென்சில். அதைக் கிணத்தடியில கசக்கினேள். அந்தப் பென்சில் எழுத்து தண்ணி பட்டாப் போகாது, பரவும். கல்லிலேயும் இருக்கு, உங்க நகத்திலேயும் இருக்கு. கறைபட்டதை மேடைக்கு அனுப்ப முடியாது. அன்னிக்குன்னு பார்த்து முனீர் வந்துட்டுப் போனது உங்களுக்கு வசதியாப் போச்சு. துணியைக் கொண்டு வாங்கோ. எரிக்க உங்களுக்கு மனசு வந்திருக்காது."

காசிநாதன் உள்ளே போய், அரிசிப் பானையிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். மாவு படிந்த துணியின் உள்பக்கம் ஊதாவாகக் கலங்கியிருந்தது. நடுவே எழுநூற்று எண்பத்தாறு என்ற எண் இன்னும் படிக்கக் கிடைத்தது. எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால், கடிதத்தின் தலையிலும் கணக்கின் தலையிலும், இஸ்லாமியர் ஆண்டவன் பெயராக எழுதுகிற எண்.

"எனக்குப் பயம் வந்துட்டுது சார்" என்றார் காசிநாதன். அவருடைய குரல் இப்போது வேறு யாருடையதோ போல இருந்தது. "பந்தயத்தன்னிக்கி காலையில அந்த மலையைப் பாத்தேன். காலு ரெண்டும் வரலை. நாலு பேரும் முடிச்சாத்தான் அணி கணக்குல சேரும். ஒருத்தன் நின்னா மத்த மூணு பேரும் ஓடினது பாழு. சாமான் காக்க வந்தவன் பந்தயத்துல ஓடக்கூடாது, தெரிஞ்சா அணியையே பந்தயத்துலேருந்து நீக்கிடுவான். எங்ககூடவே சறுக்கிப் பழகின முனீருதான் துணியைக் கேட்டான். என் பூட்ஸையும் போட்டுகினான்."

"உங்களுக்கு என்ன அளவு?"

"ஏழு. அவனுக்கு ஒம்பது."

இருபது மைல் பனியில், இரண்டு அளவு சின்னதான பூட்ஸில் ரத்தம் ஓடாமல் செத்த விரல்கள் அவை. காவலில் தூங்கியதாக எழுதியது, அணியின் பெயரைக் காப்பாற்ற அதிகாரி ஒருவர் கண்டுபிடித்த வழி. முனீர் அதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தான். வெட்கமில்லாத ஏற்பாடு என்று உப்பிலி முணுமுணுத்தான்.

"நாளைக்கி மேடையில நானே சொல்லிடறேன், முனீரு" என்றார் காசிநாதன். உண்மையாகத்தான் சொன்னார்.

"வாணாம்" என்று அப்போதுதான் முனீர் வாய் திறந்தான். "நீ சொன்னா அந்தப் பதிமூணும் பூடும். அந்த மூணு பேரும் நேர்மையா ஓடினவங்க. ஒருத்தன் மூக்குல ரத்தம் வழிய ஓடினான். நாட்டுக்குப் பேரு வேணுமின்னு சொல்லி ஆபீசரு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. நான் திருடலைன்னு ஏட்டுகிட்ட சொல்லிடு. சர்டிபிகேட்டு எழுதிக் குடு. அது போதும்."

காசிநாதன் அந்த மேசையிலேயே சர்டிபிகேட் எழுதினார். ஐந்து மணிக்கு வந்த எல்லப்பனிடம், துணி அரிசிப் பானைக்குள் விழுந்து கிடந்தது, தன் மறதிதான் என்றார். ஏட்டு ஒரு காபி குடித்துவிட்டு, நாளை விழாவில் முன் வரிசை கிடைக்குமா என்று கேட்டுப் போனார்.

உப்பிலிக்குக் கேஸ் ஜெயித்த மகிழ்ச்சி. பதருன்னிசா கும்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று அவள் பக்கம் திரும்பினான். அவள் கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட கூடவா சொல்லக்கூடாது?"

"சத்தியம் பண்ணிட்டேன், பதுரு."

"எனக்குப் பண்ண நிக்காஹ் இன்னா? அது சத்தியம் இல்லையா? ஊரு கேலி பண்ணிச்சு, நானும் சேந்து கேலி பண்ணேன். சோறு போடும்போதெல்லாம் தூங்குமூஞ்சி, வந்து துன்னுன்னு சொன்னேன். மூணு வருஷமா தெனமும் சொன்னேன். நீங்க சிரிச்சிகினு துன்னுட்டுப் போனீங்க. நாட்டுக்கு நல்லவரு, கூட்டாளிங்களுக்கு நல்லவரு. ஓடி முடிச்ச மனுசனைத் திட்டின பாவம் மட்டும் எனக்கா? என்னை இன்னாத்துக்கு இவ்ளோ கெட்டவளா ஆக்கினீங்க?"

முனீர் சர்டிபிகேட்டை நாலாக மடித்தான், மறுபடி பிரித்தான்.

அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். முனீர் குதிகாலை ஊன்றி ஊன்றிப் பின்னால் போனான். கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லலாமென்று உப்பிலி வாசலுக்கு ஓடினான். வெங்கடராகவன் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.